காரத்தை விட்டுட்டேன், அல்சர் என்னை விடல

09.06.2024, பண்ருட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டது

எனக்கு 29 வயசு. முந்திரிக்கொட்டை வியாபாரம். ஏழு மாசமா அல்சர். வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கற ஸ்கோப் எல்லாம் பார்க்கல, மெடிக்கல்ல சொன்னாங்க. காரம், புளி, எண்ணெய் மூணையும் விட்டுட்டேன். ரெண்டு வேளை பாலும் ரஸ்க்கும்தான். காரத்தை விட்டாலே தானா ஆறிடும்னு வீட்ல சொல்றாங்க, நானும் அப்படித்தான் நம்பறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எழுப்பி விட்டுடுது. இன்னும் எத்தனை மாசம் பத்தியம் இருக்கணும்?

09.06.2024, இரவு 10.40

தம்பி, எத்தனை மாசம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. பத்தியத்தால அது ஆறப்போறதில்ல. நான் ஆறு வருஷம் இருந்து பார்த்தவன்.

கடலூர்–பாண்டி ரூட்ல தனியார் பஸ்ல 2001-லேர்ந்து கண்டக்டர். 2013-ல வயிறு எரிய ஆரம்பிச்சுது. பச்சை மிளகாய் தொடல, ஊறுகாய் தொடல. தங்கச்சி கல்யாணத்துல எல்லாரும் பந்தியில உக்காந்தப்போ நான் ஓரமா மோர்சாதம் சாப்பிட்டேன். அப்படி இருந்தும் 2019 ஆகஸ்ட்ல வண்டிக்குள்ளேயே விழுந்தேன். ஹீமோகுளோபின் 6.8. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் வயித்துல புண் வச்சது ரெண்டு. ஒண்ணு ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமி. இன்னொண்ணு முட்டிவலிக்கு நான் விழுங்கின மாத்திரை. மிளகாய் அந்த லிஸ்ட்லயே இல்ல.

ராத்திரி ரெண்டு மணின்னு எழுதியிருக்கீங்களே, அதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. சாப்பிட்டா அடங்கி, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சும் நடுராத்திரியிலும் வர்ற வலி பெரும்பாலும் சிறுகுடல் ஆரம்பிக்கற இடத்துப் புண். சாப்பிட்ட கையோட வலி கூடினா இரைப்பைப் புண்ணா இருக்கலாம். ஸ்கோப் போட்டாத்தான் உறுதி. வலி மாத்திரை ஏதாவது போடறீங்களா? அதை மறைக்காம எழுதுங்க.

10.06.2024, காலை 4.20

முதல் சிங்கிள், அதான் ஒரு வழி நடை, எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். பால்.

குடிச்ச உடனே சில்லுனு இருக்கும், எனக்குத் தெரியும். நானும் ஃபிளாஸ்க்ல ஆறின பால் வச்சுக்கிட்டு வண்டி ஏறினவன். ஆனா பால்ல இருக்கற புரதமும் கால்சியமும் இரைப்பையை இன்னும் ஆசிட் சுரக்க வைக்குது. ஒரு மணி நேரம் கழிச்சு எரிச்சல் திரும்ப வருது, திரும்பப் பால் தேடறோம். இந்த வட்டத்துல உலகமே சுத்தியிருக்கு. 1915-ல சிகாகோவுல சிப்பின்னு ஒரு டாக்டர், அல்சர்காரங்களுக்கு மணிக்கு ஒரு தடவை பாலும் கிரீமும் குடுக்கற முறையை எழுதினார். அதை வச்சு பல பத்தாண்டு ஓட்டினாங்க. ஒரு டம்ளர் பால் பாவமில்ல, குடிங்க. மருந்துன்னு நினைச்சுக் குடிக்காதீங்க, அவ்ளோதான்.

11.06.2024, இரவு 9.15

தம்பி பதில் போட்டிருக்கார்: தலைவலிக்கு வாரத்துல மூணு நாலு தடவை மெடிக்கல்ல "செட்டு" வாங்கிப் போடறாராம்.

இதைத்தான் கேட்டேன். ஸ்ட்ரிப்பைக் கத்தரிச்சு சின்ன கவர்ல நாலு மாத்திரை போட்டுத் தருவாங்க. பேர் இருக்காது, தேதி இருக்காது. வலின்னு சொல்லி வாங்கற செட்டுல ஒண்ணு பெரும்பாலும் டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரை. இரைப்பையின் உள்சுவரைக் காப்பாத்தற வழவழப்பு உண்டாக ஒரு பொருள் உடம்புல சுரக்குது, இந்த மாத்திரைகள் அதையே குறைச்சுடும். வெறும் வயித்துல போட்டாத்தான் கெடுதல்னு நம்ம ஊர்ல நம்பறாங்க. சாப்பிட்டுப் போட்டாலும் ரத்தத்துல கலந்து அதே வேலையைச் செய்யும். ஊசியாப் போட்டாலும் செய்யும். நான் ஆறு வருஷம் மோர்சாதம் சாப்பிட்டுட்டு அது மேல இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டிருந்தேன்.

வலி மாத்திரை, ஆஸ்பிரின் எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்துங்க. தலைவலிக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் அளவா.

11.06.2024, இரவு 11.50

அவசரத் திருத்தம். மேல ஆஸ்பிரினை இன்னிக்கே நிறுத்துங்கன்னு எழுதினது தப்பு. ஒரு அக்கா உடனே கேட்டாங்க: அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, ஆஸ்பிரின் போடறார், நிறுத்தலாமான்னு. அக்கா, நிறுத்தாதீங்க. இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ டாக்டர் எழுதின ஆஸ்பிரினை நாமளா நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கலாம், உயிருக்கே ஆபத்து. அல்சர் இருக்குன்னு அதே டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆசிட் குறைக்கற மாத்திரையைக் கூடவே சேர்த்து எழுதுவாங்க. நான் சொன்னது நாமளா கடையில வாங்கி விழுங்கற வலி மாத்திரைக்கு மட்டும். படிச்சவங்க யாராவது தப்பா எடுத்திருந்தா மன்னிச்சுக்கங்க. இதை எழுதாமப் படுத்தா தூக்கம் வராது.

16.06.2024, ஞாயிறு

வண்டியில விழுந்த கதையைக் கேட்டிருக்காங்க. எழுதறேன், இதுல ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியணும்.

ஞாயித்துக்கிழமை வீட்ல ஆட்டு ரத்தப் பொரியல். அம்மா மிளகுத்தூள் மட்டும் போட்டு எனக்குன்னு தனியா எடுத்து வச்சாங்க. திங்கக்கிழமை காலையில மலம் கறுப்பா போச்சு. ரத்தப் பொரியல் சாப்பிட்டா அப்படித்தான்னு விட்டுட்டேன். செவ்வாயும் கறுப்பு. புதனும். ரோடு போடறப்போ ஊத்தற தார் இருக்கே, அந்த மினுமினுப்பு, அந்தப் பிசுபிசுப்பு. தண்ணி ஊத்தினா சுலபமாப் போகாது. நாத்தம் வேற மாதிரி. மூணு நாளைக்கு முன்னாடி சாப்பிட்டது இன்னுமா வரும்னு எனக்கு நானே ஒரு தடவை கூடக் கேட்டுக்கல. வலியும் அன்னிக்குப் பார்த்துக் குறைஞ்சிருந்தது.

புதன் மத்தியானம் பாண்டியிலேர்ந்து திரும்பற சிங்கிள். தவளக்குப்பம் தாண்டி டிக்கெட் போட்டுக்கிட்டு வர்றேன். ஒரு பாட்டி நூறு ரூபா நோட்டை நீட்டறாங்க, அந்த நோட்டு ரெண்டாத் தெரியுது. கம்பியைப் பிடிச்சேன், கை ஈரமா வழுக்குது. அப்புறம் பைச் சில்லறை கொட்டற சத்தம் மட்டும் கேட்டுது. டிரைவர் அண்ணன் கிருமாம்பாக்கத்துல வண்டியை ஓரம் கட்டி, எதிர்ல வந்த வண்டியில என்னைப் படுக்க வச்சு பாண்டிக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பாட்டிதான் என் தலையை மடியில வச்சுக்கிட்டாங்களாம். சிதறின சில்லறையை பசங்க ஒண்ணு விடாமப் பொறுக்கிக் குடுத்திருக்காங்க.

ஸ்கோப்ல டியோடினத்துல, அதான் சிறுகுடல் ஆரம்பிக்கற இடத்துல, புண், ரத்தக்குழாய் கசிவு. குழாய் வழியாவே ஊசி போட்டு, கிளிப் மாட்டி நிறுத்தினாங்க. வயித்தைக் கிழிக்கல.

தார் மாதிரி மலம்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும், நிஜம்தான். ஆனா அதை முடிவு பண்றது நாம இல்ல. காப்பித்தூள் கரைச்ச மாதிரி வாந்தி எடுத்தாலும் அதேதான். திடீர்னு கத்தி சொருகின மாதிரி வலி வந்து வயிறு பலகையா இறுகிட்டா புண் ஓட்டை விழுந்திருக்கலாம். இந்த மூணுக்கும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

07.07.2024

மருந்து சாப்பிட்டும் எனக்கு ஏன் உடனே போகலன்னு கேள்வி.

முதல் தடவை குடுத்தது 14 நாள் கோர்ஸ். ஆசிட் குறைக்கறது ஒண்ணு, அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். பேர் எழுதறது கடையில கேட்டு வாங்கறதுக்கு இல்ல, உங்க சீட்டுல இருக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு. மூணாம் நாள்லேர்ந்து வாயில பழைய காசைச் சப்பினமாதிரி ஒரு ருசி. டீ கசக்குது, தண்ணி கசக்குது. பேதி வேற. ஒன்பதாம் நாள் வலியே இல்ல. நிறுத்திட்டேன்.

நவம்பர்ல மூச்சுப் பரிசோதனை. யூரியா கலந்த ஒரு கரைசலைக் குடிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சு ஊதச் சொல்வாங்க. கிருமி இருந்தா அது யூரியாவை உடைக்கும், அது மூச்சுல தெரியும். எனக்கு இல்லைன்னு வந்தது. சந்தோஷத்துல அன்னிக்கு வண்டியில எல்லாருக்கும் கடலை மிட்டாய் குடுத்தேன். 2020 ஜனவரியில வலி திரும்பி வந்தது.

காரணம் என்னன்னா, பரிசோதனைக்கு முந்தின நாள் வரைக்கும் நான் ஆசிட் குறைக்கற பேன்டோபிரசோல் போட்டுக்கிட்டிருந்தேன். அதைக் குறைஞ்சது ரெண்டு வாரம் நிறுத்தியிருக்கணும். ஆன்டிபயாடிக் முடிஞ்சு நாலு வாரமாவது ஆகியிருக்கணும். இல்லைன்னா கிருமி அடங்கிக் கிடக்கும், பரிசோதனைக்குத் தெரியாது. நான் போன இடத்துல இதை யாரும் எனக்குச் சொல்லல. கையில ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்திருந்தாக்கூட மூணு மாசம் மிச்சமாகியிருக்கும். அதனாலதான் இங்க எழுதறேன், எழுதி வச்சுக்கங்க.

பிப்ரவரியில மறுபடி ஸ்கோப். வயித்துலேர்ந்து அரிசி நொய் அளவு சதை எடுத்து, சின்ன மஞ்சள் ஜெல்லுல வச்சாங்க. அந்த நர்ஸம்மா என்னை உக்கார வச்சுக் காட்டினாங்க. ஓரத்துலேர்ந்து மெதுவா ரோஜா நிறம் ஏறுது. மருதாணி பிடிக்கற மாதிரி. "இதுதாங்க உங்க விருந்தாளி"ன்னாங்க. ஏழு வருஷமா நான் பசின்னும் பித்தம்னும் கேஸுன்னும் பேர் வச்சிருந்த ஒண்ணை அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

08.07.2024

நேத்து விட்டுப்போனது. ரெண்டாவது கோர்ஸ்ல நாலு மருந்து: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூட ஆசிட் குறைக்கறது. நம்ம நாட்டுல பல பேர் வயித்துக் கிருமிக்கு கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் பழகிப்போச்சு, சுலபமா சாகறதில்ல. நான் பாதியில நிறுத்தினது அதுக்கு இன்னும் வசதி. பிஸ்மத் போட்டா நாக்கும் மலமும் கறுக்கும். தார் கறுப்பு பார்த்தவனுக்கு அது எப்படி இருக்கும்! முதல் நாளே அலறிப்போய் ஃபோன் பண்ணேன். அது மருந்தோட நிறம், பயப்படாதீங்கன்னாங்க. மெட்ரோனிடசோலோட சாராயம் சேரவே கூடாது. பாண்டி ரூட்ல ஓடறவங்களுக்கு இதைத் தனியாச் சொல்லணும்.

14 நாளும் முடிச்சேன். முடிச்ச கையோட ஊரடங்கு. பஸ் நின்னுது, பாண்டி எல்லையில தடுப்பு. செப்டம்பர்லதான் போய் ஊதினேன். இல்லைன்னு வந்தது. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் ராத்திரி ரெண்டு மணி எனக்குத் தூங்கற நேரம்.

28.07.2024

ராபின் வாரன் இந்த 23-ம் தேதி இறந்துட்டார். 87 வயசு. ஆஸ்திரேலியாவுல பெர்த். நம்ம ஊர் பேப்பர்ல எத்தனை பேர் பார்த்தாங்களோ.

அவர்தான் இரைப்பைச் சதைத் துண்டை மைக்ராஸ்கோப்ல பார்த்து, இங்க வளைஞ்ச கிருமிங்க இருக்குன்னு சொன்னவர். ஆசிட்ல எந்தக் கிருமியும் வாழாதுன்னு எல்லாரும் நம்பின காலம். பாரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர் கூடச் சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்த்தாங்க, வளரவே இல்ல. 1982-ல ஈஸ்டர் லீவுல தட்டுங்களை வழக்கத்தை விட அதிக நாள் விட்டுட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா வளர்ந்திருக்கு. அவசரப்பட்டு ரெண்டே நாள்ல தூக்கி எறிஞ்சதுதான் அதுவரைக்கும் நடந்த தப்பு. அப்பவும் யாரும் நம்பல. 1984-ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சார். சில நாள்ல குமட்டல், வாந்தி. ஸ்கோப்ல பார்த்தா இரைப்பையின் உள்சுவர் அழற்சியில வீங்கியிருக்கு. 2005-ல ரெண்டு பேருக்கும் நோபல்.

என் பெரியப்பாவை நினைச்சுக்கறேன். 1978-ல அல்சருக்கு வயித்தைக் கிழிச்சு, ஆசிட் சுரக்கச் சொல்ற நரம்பை வெட்டி, இரைப்பையைக் குடலோட நேராத் தைச்சுட்டாங்க. நெஞ்சுக்குழியிலேர்ந்து தொப்புள் வரைக்கும் தழும்பு. சாப்பிட்டு எழுந்தா வேர்த்துக் கொட்டும், படுத்துடுவார். அப்போ அதுதான் வைத்தியம், குறை சொல்ல ஒண்ணுமில்ல. அதே நோய்க்கு எனக்கு 14 நாள் மாத்திரை. வாரன் ஐயாவுக்கு நன்றி.

18.08.2024

அதிமதுரம், மணத்தக்காளி பத்தி நிறைய பேர்.

மணத்தக்காளிக் கீரை எங்க வீட்ல வாரம் ரெண்டு தடவை. தேங்காய்ப்பால் விட்டு அம்மா கடைவாங்க. வயித்துக்கு இதமா இருக்கு, சாப்பிடறேன். கிருமியை அது கொன்னதுன்னு சொல்ல மாட்டேன், ரோஜா நிறத்தைப் பார்த்தவன்.

அதிமதுரத்துக்கு நிஜமாவே சக்தி உண்டு. அதுல இருக்கற சத்திலேர்ந்து செஞ்ச மருந்தை 1960-கள்ல இங்கிலீஷ் டாக்டர்களே இரைப்பைப் புண்ணுக்குக் குடுத்தாங்க. ஆனா அது உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கும், பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தை இறக்கும். எங்க அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. எனக்குக் காய்ச்சின கஷாயத்தை அவங்களும் ஒரு மாசம் குடிச்சு, கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. நாட்டு மருந்துன்னா ஒண்ணும் செய்யாதுங்கறது மருந்துக்கே மரியாதை இல்ல.

அம்மா ஒண்ணு எழுதச் சொன்னாங்க. திருநாவுக்கரசர் சூலை நோயில துடிச்சு, அக்கா திலகவதியார்கிட்ட ஓடி வந்தது நம்ம திருவதிகைக்குத்தானே. அந்தச் சூலை அல்சரான்னு எனக்கு வாதம் பண்ண ஆசையில்ல. ஆனா ரத்தம் ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்த மறுவாரம் அம்மா என்னை அங்க கூட்டிட்டுப் போனாங்க. வயித்துவலிக்கு ஒரு அக்கா திருநீறு பூசின ஊர்ல நின்னப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு.

15.09.2024

ஜூன்ல மிளகாய் லிஸ்ட்லயே இல்லன்னு எழுதினேன். அதைக் கொஞ்சம் மாத்திக்கறேன். புண் வச்சது மிளகாய் இல்ல, அதுல மாத்தமில்ல. ஆனா இருக்கற புண்ணு மேல காரம் பட்டா எரியும், அதுவும் நிஜம். ஆறற வரைக்கும் எது உங்களுக்கு எரியுதோ அதைத் தள்ளி வைங்க. எனக்கு எரிஞ்சது வெறும் வயித்து டீ. தொண்டமாநத்தத்துலேர்ந்து வர்ற நம்ம செக்கருக்கு டீ ஒண்ணும் பண்ணல, தக்காளி ரசம்தான். ஒருத்தர் பத்தியம் இன்னொருத்தருக்குச் சேராது.

சிகரெட்டை விட்டது என் கணக்குல எல்லா பத்தியத்தையும் விடப் பெரிசு. அது புண்ணை ஆறவிடாது.

இப்போ என் சாப்பாடு: காலை மூணரைக்கு எழுந்து பழைய சோறும் மோரும். மாத்திரை போட்ட காலத்துல எழுந்ததும் மாத்திரைதான் முதல் வேலை, அரை மணி நேரம் கழிச்சுத்தான் சோறு. பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி போடறதுதான். சாப்பிடறப்போ இரைப்பையின் ஆசிட் பம்புங்க வேலையைத் தொடங்கும், அப்போ மருந்து ரத்தத்துல தயாரா இருக்கணும். சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போட்டா பாதி வீண். எட்டு மணிக்கு பாண்டி ஸ்டாண்டுல மூணு இட்லி. பன்னெண்டுக்கு சோறு, குழம்பு, ஆமா, காரக்குழம்பும் உண்டு. சங்கரா மீன் குழம்பு மூணு வருஷமா சாப்பிடறேன். வாழ்க!

06.10.2024

சந்தோஷமா எழுத முடியல. எங்க ரூட்ல ஒரு டிரைவர் போன வாரம் தவறிட்டார். நெஞ்சு அடைக்குது, கேஸுதான்னு ஸ்டாண்டுல சோடா வாங்கிக் குடிச்சார். வேர்வை, இடது தோள் வலி. பக்கத்துல இருந்தவங்க வயித்து எரிச்சலுக்குக் குடிக்கற ரோஸ் கலர் சிரப்பை வாங்கிக் குடுத்திருக்காங்க. இருபது நிமிஷம். மாரடைப்பு.

அல்சர் இருக்கறவங்களுக்கு இது இன்னும் ஆபத்து, எல்லாத்தையும் வயித்து மேலயே போட்டுடுவோம். நெஞ்சுல பாரம், வேர்வை, தாடைக்கோ தோளுக்கோ ஓடற வலின்னா முதல்ல ஈ.சி.ஜி. வயிறு அப்புறம். காலை முதல் வண்டியில பாதிப் பேர் ஸ்கேன் கவரை மடியில வச்சுக்கிட்டு பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் போறாங்க. அந்த வண்டியை ஓட்டினவருக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுக்கல.

27.10.2024

பண்ருட்டி தம்பி ஒருவழியா ஸ்கோப் பார்த்துட்டார். டியோடினத்துல புண், கிருமி இருக்கு. நாளைக்கு 28-ம் தேதி கோர்ஸ் ஆரம்பம். நடுவுல 31 தீபாவளி வருதே, முடிச்சுட்டு ஆரம்பிக்கலாமான்னு கேட்கறார். வேணாம் தம்பி. அதிரசம், கறிக்குழம்பு அளவாச் சாப்பிடுங்க, நண்பர்களோட பாட்டில் பக்கம் மட்டும் போகாதீங்க. வாய் கசக்கும். மூணாம் நாள் கசக்க ஆரம்பிச்சா மருந்து உள்ள போயிருக்குன்னு நினைச்சுக்கங்க. ஒன்பதாம் நாள் எனக்கு ஃபோன் பண்ணுங்க. கண்டிப்பா.

05.11.2024

பண்ணார். பேதி இருக்குன்னார். டாக்டர்கிட்ட பேசச் சொன்னேன், பேசி, தொடர்ந்து போடறார்.

05.12.2024

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து அஞ்சு நாள். மறுநாளுக்கு மறுநாள் தென்பெண்ணைத் தண்ணி வந்துது. எங்க தெருவுல இடுப்பளவு. அம்மாவைத் தோள்ல தூக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரெண்டு நாள் ஒரு வேளை சாப்பாடுதான், உடம்பெல்லாம் வலி. ஒரு பையன் நல்ல மனசுல எல்லாருக்கும் மாத்திரை விநியோகம் பண்றான், அதே பேரில்லாத செட்டு. பிரிச்சுக் காட்டி, இதுல வலி மாத்திரை இருந்தா வயசானவங்களுக்கும் அல்சர்காரங்களுக்கும் குடுக்காதேன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டான். பாராசிட்டமால் மட்டும் தனியாப் பிரிச்சு வச்சுக் குடுத்தான். பிஸ்கட்டும் வாழைப்பழமும் வச்சு என் வயித்தைக் காலியா விடாமப் பார்த்துக்கிட்டேன். ஒண்ணும் ஆகல.

21.12.2024

தம்பி, உங்க கணக்கைப் போட்டுட்டேன். ஆன்டிபயாடிக் முடிஞ்சது நவம்பர் 10. புண் ஆற டாக்டர் நீட்டிச்ச பேன்டோபிரசோல் முடிஞ்சது டிசம்பர் 8. நாளையோட ரெண்டு வாரம் ஆகுது, அப்போ நாலு வாரக் கணக்கும் தாண்டியாச்சு. திங்கக்கிழமை 23-ம் தேதியிலேர்ந்து எப்போ வேணா ஊதலாம். இடையில ஒரே ஒரு கேஸ் மாத்திரை போட்டிருந்தாலும் பரிசோதனைக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க. எரிச்சல் தாங்கலன்னா ரோஸ் சிரப் குடிக்கலாமான்னும் அவங்களையே கேளுங்க.

என் வண்டி பண்ருட்டி பக்கம் வராது. நீங்க கடலூர் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க, பாண்டி வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். வெறும் வயித்துல வரச் சொல்லியிருப்பாங்க. திரும்பறப்போ இட்லி என் கணக்கு.